பெறுபேறு வரும்வரை: உப்புவெளியில் பன்னிரண்டு சனிக்கிழமைகள்

மகள் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், பொறியியலாளராக விரும்பும் பிள்ளைகளுக்கென திருகோணமலை உப்புவெளியில் நடத்தப்பட்ட ஒரு தொழில் ஆயத்தப் பயிற்சியில் அவளைச் சேர்த்தேன். சாதாரண தரம் எழுதியிருந்த என் தங்கையின் மகனும் அவளுடன் சென்றான். பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கு ஆளுக்கு 15,000 ரூபாய் கட்டினோம். கொடுத்த காசுக்குத் தகுமா என்று அயலவர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தன்னம்பிக்கை உரைகளை எங்கள் பிள்ளைகள் பாடசாலைக் கருத்தரங்குகளிலேயே வேண்டிய அளவு கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் வாரத்தில்தான் பயிற்சி உண்மையில் தொடங்கியது. தென்னை ஈர்க்கையும் நூலையும் மட்டும் கொடுத்து, இரண்டு மேசைகளுக்கு இடையே ஒரு பாலம் கட்டச் சொன்னார்கள். பின்னர் அதன் நடுவில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். மகளின் குழுவினர் கட்டியது மூன்றாவது போத்தலிலேயே விழுந்துவிட்டது. ஈர்க்கு ஒன்றும் முறியவில்லை, முடிச்சுகளே நழுவியிருந்தன. சதுரமாகக் கட்டிய சட்டம் ஏன் சரிகிறது, முக்கோணம் ஏன் சரிவதில்லை என்பதை விழுந்த பிறகுதான் விளக்கினார்கள். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கிண்ணியாப் பாலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தின் தளத்தில் விடப்பட்டிருக்கும் இடைவெளிகளைக் காட்டி, அவை எதற்கு என்று கேட்டார்களாம். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அத்தனை நீளக் கொங்கிறீற்று மொத்தமாக ஏறத்தாழ நாலே முக்கால் சென்ரிமீற்றர் நீளும் என்று மகள் வீதியோரத்தில் நின்றே கணக்கிட்டிருக்கிறாள். வெப்ப விரிவு பற்றிய வினாக்களைக் கடந்தகால வினாத்தாள்களில் தேடித் தேடிச் செய்தவள், அதே பாலத்தில் எத்தனையோ தடவை பேருந்தில் போனவள், இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தது அன்றுதான். பாலம் வருமுன் பாதைப் படகுக்காகக் காத்திருந்து கிண்ணியாவுக்குப் போன என் தலைமுறைக்கு, சில்லு அந்த இடைவெளியைக் கடக்கும்போது எழும் ஓசையே ஒரு சுகம். அதன் காரணம் எனக்கும் புதிதாகத்தான் இருந்தது. 1986ஆம் ஆண்டு கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்ததைப் பற்றியும் ஒரு வகுப்பு நடந்தது.

தங்கையின் மகனுக்குப் பயன்பட்டது வேறொரு நாள். பெயரில் பொறியியல் இருப்பதால், உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பவியலைப் படித்தால் பொறியியல் பீடத்துக்குப் போகலாம் என்று அவன் நம்பியிருந்தான். அந்தப் பிரிவு தொழில்நுட்பப் பட்டங்களுக்கான வழி என்பதையும், பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி, ஒலுவில் போன்ற இடங்களில் உள்ள பொறியியல் பீடங்களுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவையே தேவை என்பதையும் அன்று சுவரில் வரைந்து காட்டினார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் திருகோணமலை உட்படப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது என்பதும், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவருக்குத் தியகமவில் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவும் தேசிய தொழில் தகைமைப் படிகளும் உண்டு என்பதும் அதே சுவரில் இருந்தன. பட்டம் பெற்றதும் ஒருவர் பட்டயப் பொறியியலாளர் ஆகிவிடுவதில்லை, அதற்குப் பிறகு தொழில் அனுபவமும் மதிப்பீடும் வேண்டும் என்பதை நானே அன்றுதான் அறிந்தேன். இவற்றை இரண்டு வருடங்களுக்கு முன்னரே மகளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. சுயவிபரக் கோவை தயாரிக்கும் இரண்டு வகுப்புகள், எந்த நாட்டுக்கோ எழுதிய குறிப்புகளை அப்படியே வாசிப்பதாக அமைந்தன. விளம்பரத்தில் வாக்களித்த தொழிற்சாலைப் பயணம் நடக்கவில்லை, அதற்கான காசும் திரும்பவில்லை. பொறியியல் பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கு, தாங்கள் ஏற்கெனவே அறிந்த விசையையும் திருப்பத்தையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குவதே பெரிய உதவியாக இருந்திருக்கும், ஆனால் அதற்கென ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. மாலை ஆறு மணிக்கு வகுப்பை முடிப்பது மூதூரிலிருந்து வந்த பெண் பிள்ளைகளுக்குப் பெருஞ் சிரமம். இருவர் இடையிலேயே நின்றுவிட்டதாக மகள் சொன்னாள்.

சாதாரண தரம் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். உயர்தரம் முடித்தவராயின், களப்பயணங்களின் திகதிகளை எழுத்தில் வாங்கிய பின்னரே காசைக் கட்டுங்கள். தங்கையின் மகன் கணிதப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். நழுவாத முடிச்சு எது என்று தேடி இப்போது வீட்டு விளக்குமாற்றில் ஈர்க்கு குறைந்துகொண்டே வருகிறது.