பழைய டர்போ வண்டி: ஜிடி டிஎஸ்ஐயா, ஒரு லிட்டர் போலோவா, டியாகோ ஜேடிபியா?

2024 தையில் தொடங்கி பங்குனி உத்திரம் வரை ஒரு பழைய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டி இழுவையைக் கூட்டும் விசிறி) பெட்ரோல் வண்டிக்காக அலைந்தேன். வேலை நிமித்தம் வாரம் இரண்டு முறை பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போய்வர வேண்டும், மாதம் ஒருமுறை மதுரை. விடியற்காலையில் நாங்குநேரி தாண்டிவிட்டால் நாலுவழிச் சாலை காலியாகக் கிடக்கும். அந்தச் சாலையில் மிதித்த மாத்திரத்தில் இழுக்கிற வண்டி ஒன்று ஓட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. கையில் ஏழு லட்சம் சொச்சம் இருந்தது. அந்தக் காசுக்குக் கடைசி வரை நின்றவை மூன்று: 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2021 போலோ ஒரு லிட்டர் டிஎஸ்ஐ மேனுவல், 2019 டாடா டியாகோ ஜேடிபி. டிஎஸ்ஐ என்பது ஃபோக்ஸ்வாகனின் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்குப் பெயர். நான் வாங்கியது நடுவில் சொன்னதை. அதனால் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தாளில் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பிதான். ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 105 பிஎஸ் (குதிரைத்திறன்). ஒரு லிட்டர் போலோ மூன்று சிலிண்டர், 110 பிஎஸ். இரண்டுக்கும் இழுவிசை 175 நியூட்டன் மீட்டர். ஜேடிபி 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். மோதல் சோதனையில் போலோ 2014-லும் டியாகோ 2020-லும் நாலு நட்சத்திரம் வாங்கியவை. மைலேஜ் ஓட்டுகிற காலைப் பொறுத்தது. இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க முடியாது.

ஃபியட் அபார்த் புன்டோவை ஏன் விட்டாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 145 பிஎஸ், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அந்த 1.4 டி-ஜெட் இன்ஜின். எனக்கும் உயிர்தான். ஆனால் ஃபியட் 2019-ல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எனக்கு இது ஒன்றுதான் வண்டி.

முதலில் மனம் போனது ஜிடி டிஎஸ்ஐ மேல்தான். பெங்களூரு வண்டி, 68,000 கிலோமீட்டர், கேட்ட விலை 4.90 லட்சம். ஓட்டிப் பார்த்த பத்தாவது நிமிடமே கையெழுத்துப் போடத் தோன்றியது. டிஎஸ்ஜி என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி அடுத்த கியருக்கு மாறுவது காதில் விழுகிறதே தவிர உடம்புக்குத் தெரிவதில்லை. நாலு சிலிண்டர் என்பதால் இன்ஜின் பட்டுப் போல ஓடும். ஓட்டும் சுகம் மட்டும்தான் கணக்கு என்றால் இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான்.

பல வருடமாக என் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக்குக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அண்ணாச்சி, ஓடும்போது அது ராசா. வள்ளியூர் பக்கம் நின்னுட்டுன்னா எங்க கொண்டு போவீங்க? ஆயில் மாத்தச் சொல்லுங்க, மாத்துதேன். அந்த கியர்பாக்ஸ மட்டும் நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்.”

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த டிஎஸ்ஜி பெட்டியின் பெயர் டிகியூ200. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஒரு கிளட்சில். இரண்டு, நாலு, ஆறு இன்னொன்றில். ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராகக் காத்திருக்கும். அதனால்தான் அந்த வேகம். ஆனால் இரண்டு கிளட்சும் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. நெடுஞ்சாலையில் அவற்றுக்கு எந்தச் சிரமமும் கிடையாது. ஊர்ந்து போகும்போதுதான் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் தேய்ந்து தேய்ந்து வண்டியை நகர்த்துகிறது. அந்தத் தேய்மானம் முழுக்கச் சூடாகிறது. சித்திரை வெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்ணார்பேட்டையில் தொடங்கி ஈரடுக்குப் பாலம் வழியாக டவுன் ரத வீதி வரை போய்ப் பாருங்கள். அதுதான் அந்தப் பெட்டிக்கு நரகம். கிளட்சையும் கியரையும் இயக்குகிற மூளையும் எண்ணெய்ப் பம்பும் சேர்ந்த பாகத்தை மெக்கட்ரானிக் என்பார்கள். அது போனால் வண்டி அப்படியே நின்றுவிடும். இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம் என்று நம்ப முடியாது. 2013-ல் ஃபோக்ஸ்வாகனே இந்த ஏழு கியர் பெட்டிக்காக உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து உள்ளிருக்கும் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது.

மெக்கட்ரானிக் மாற்ற என்ன ஆகும் என்று ஓரிடத்தில் விசாரித்தேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும், வண்டியை மதுரைக்கு ஏற்றிவிடுங்கள் என்றார்கள். 160 கிலோமீட்டர் ரிகவரி வண்டிச் செலவு தனி. ஐந்து லட்ச ரூபாய் வண்டியில் ஒன்றரை லட்சம் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றால், அதன் உண்மையான விலை ஆறரை லட்சம். அப்படிக் கூட்டிப் பார்த்த அன்றே பெங்களூரு வண்டியை மனதிலிருந்து எடுத்துவிட்டேன். எந்தத் தொல்லையும் இல்லாமல் லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் வேறு முடிவெடுத்தால் தப்பில்லை. அங்கே அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் போலோ 2020-ல் பிஎஸ்6 புகை விதிகளோடு வந்தது. போலோவின் தயாரிப்பு 2022-ல் நின்றுவிட்டதே, உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அதே ஒரு லிட்டர் இன்ஜின் குடும்பம் ஃபோக்ஸ்வாகன் டைகுன், விர்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா எல்லாவற்றிலும் இன்றும் ஓடுகிறது. இன்ஜின் உயிரோடு இருக்கும் வரை ஃபில்டர், பிளக், காயில் எதற்கும் அலைய வேண்டியதில்லை. கியர்பாக்ஸ் ஆறு கியர் மேனுவல். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் என் மெக்கானிக்கே இறக்கி மாற்றிவிடுவார். இதே வண்டியில் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றாலும் அது டிஎஸ்ஜி கிடையாது. உலர் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய பாணிப் பெட்டி, நெரிசலைத் தாங்கும். நாகர்கோவில் வண்டி ஒன்று, டிஎன் 74 பதிவு, 41,000 கிலோமீட்டர், பேசிப் பேசி 7.15 லட்சத்துக்கு முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. குளிர்ந்த இன்ஜினை எழுப்பினால் மூன்று சிலிண்டர் அதிர்வு ஸ்டியரிங்கில் தெரியும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்குக் கீழே இருந்தால் வண்டி தூங்கும். ஏசி போட்டுக்கொண்டு வேகத்தடை ஏறி இறங்கும்போது முதல் கியருக்குப் போயே ஆக வேண்டும். பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது ஓட்டிப் பாருங்கள். லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று பக்கவாட்டில் ஓர் அறை அறையும். மற்ற சின்ன வண்டிகளில் நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருத்திய இடம் அது. போலோ ஒரு முறை தோளைக் குலுக்கிவிட்டு நேராகப் போகிறது.

ஜேடிபியைப் பற்றி நான் அளந்துதான் பேச வேண்டும். ஓட்டியது ஒரே ஒரு வண்டி, அதுவும் தென்காசி சாலையில் ஆலங்குளம் வரை அரை மணி நேரம். டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்தது. நம்ம ஊர்க்காரர்கள் கைபட்ட வண்டி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நெக்ஸானின் 1.2 டர்போதான் உள்ளே இருப்பது. டாடா ஒர்க்ஷாப் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்ஜின் பராமரிப்பில் போலோவைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்வேன். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சாத பழைய முறை என்பதால், டிஎஸ்ஐ இன்ஜின்களில் வால்வில் கரி படிகிற தொல்லையும் இதில் குறைவு. என்னைத் தடுத்தது இரண்டு விஷயம். விற்றதே கொஞ்சம், 2020-ல் நின்றுவிட்டது. அதற்கென்றே செய்த பம்பரும் ஸ்பிரிங்கும் ஒரு சின்ன இடியில் போனால் என்ன செய்வது? அடுத்தது, ஐந்து கியர்தான்; நூறைத் தாண்டி நெடுநேரம் ஓட்ட போலோவின் ஆறாவது கியர் நிம்மதி. ஊருக்குள்ளும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கமும்தான் ஓட்டம், ஐந்து லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்பவருக்கு நான் ஜேடிபியைத்தான் சொல்வேன்.

எந்த வண்டியானாலும் நம் பக்கத்தில் ஒன்றை மறக்காமல் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி நெல்லை சந்திப்புப் பக்கம் வரை ஏறியது. அதில் மூழ்கிய வண்டிகள் அடுத்த மாதங்களிலேயே கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. நான் பார்த்த ஒரு வண்டி உள்ளே மல்லிகை வாசத்தோடு பளபளவென்று இருந்தது. ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் நீளத்துக்கு வண்டல் கோடு, ஆற்று மண் நிறத்தில் அப்படியே இருந்தது. சீட் தண்டவாளத்தின் அடிப்பக்கம் துரு. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெல்ட்டை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கிளட்சுக்கும் ஒரு சோதனை உண்டு. நாலாவது கியரில் ஐம்பதில் போகும்போது முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சுற்று மட்டும் துள்ளி ஏறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஜிடி டிஎஸ்ஐதான் வேண்டும் என்பவர்கள் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடேறிய பிறகு சோதியுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதோ ரிவர்ஸிலோ உதறினால் வேண்டாம்.

வாங்கிய பிறகு மேம்படுத்துவதில் வரிசை முக்கியம். நான் முதலில் மாற்றியது டயர், அப்புறம் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். நிற்கத் தெரியாத வண்டிக்கு வேகம் கூட்டக் கூடாது. ஆறு மாதம் ஓட்டி, ஆயில் குறைகிறதா, கூலன்ட் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோவையில் ரீமேப் போட்டேன். டர்போ அழுத்தம், பெட்ரோல் அளவு, தீப்பொறி நேரம் மூன்றையும் கணினியில் மாற்றுவதுதான் அது; வேறு பாகம் எதுவும் தேவைப்படவில்லை. திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளில் 132 பிஎஸ் காட்டியது. கயத்தாறு தாண்டி லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. இந்தக் கூடுதல் இழுவிசையை ஒரிஜினல் கிளட்ச் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. இதுவரை வழுக்கவில்லை, அவ்வளவுதான். ஆறாவது கியரில் ஐம்பதில் உருண்டுகொண்டிருக்கும்போது அப்படியே முழுதாக மிதிக்காதீர்கள். சின்ன டர்போ இன்ஜினில் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனையே உடைக்கும், மேப் போட்ட வண்டியில் இன்னும் ஆபத்து. ஒரு கியர் குறைத்துவிட்டு மிதியுங்கள். ரீமேப்பை இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுவதும் நல்லது.

ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், மூன்றுக்குமே பொதுவான கவலை. அதற்கேற்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலில். இவை மூன்றும் அதற்கு முந்தியவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்திப் போடுவதில்லை. நிறுவனம் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது. நான் 7,500-லேயே மாற்றி, அப்போது பெட்ரோல் குழாய்களையும் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். இப்போது மீட்டரில் 62,000. அடுத்த ஆயில் மாற்றும்போது பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.