பாளையங்கோட்டையில் ஒரு பழைய வேகன்ஆர் வாங்கிய கதை

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி, ஆட்டோவில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. இந்த முறை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஊருக்குப் போகும்போதே, ஒரு கார் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன். கையில் நாலரை லட்சம். ஓடப்போவது பாளையங்கோட்டைக்குள், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எப்போதாவது திருச்செந்தூர். அவ்வளவுதான்.

எந்தக் கார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: நான் பிளேன் ஏறிய பிறகு வண்டி நடுரோட்டில் நின்றால் அப்பா யாரைக் கூப்பிடுவார்? அதிலேயே பாதி வண்டிகள் கழிந்துவிட்டன. ஃபோர்டு ஃபிகோ ஓட்ட அருமையான வண்டி, விலையும் மலிவு. ஆனால் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. பாகம் இன்னும் கிடைக்கிறது என்றாலும் அதைத் தேடி அலைய அப்பாவால் ஆகாது. 2017 முடிவோடு விற்பனையை நிறுத்திய செவர்லேக்கும் அதே கதி. டீசலே வேண்டாம் என்றாகிவிட்டது. மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது எதற்கு? டொயோட்டா எடியோஸ் மீது ஆசை இருந்தது. 2020இல் அதை நிறுத்திவிட்டாலும் டாக்ஸிக்காரர்கள் புண்ணியத்தில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் பார்த்த எடியோஸ்களில் பாதி, டி போர்டில் (டாக்ஸியாக) தேய்ந்து பிறகு ஓன் போர்டுக்கு (சொந்த வண்டியாக) மாறியவை.

கடைசியில் மாருதி வேகன்ஆர்தான் என்று வந்து நின்றது. பார்க்க அழகான வண்டி இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இருக்கை உயரம். அம்மா குனிய வேண்டாம், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். 2019 ஜனவரியில் வந்த புது மாடலில் 1.0, 1.2 என்று இரண்டு இன்ஜின். நாலு பேர் ஏறி ஏசி போட்டுத் திருச்செந்தூர் போவதற்கு 1.2 நல்லது என்றார்கள், ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

புதிதாகவே வாங்கினால் என்ன என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். 2025 செப்டம்பர் 22இலிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபின், வேகன்ஆரின் ஆரம்ப ஷோரூம் விலை ஐந்து லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்குக் கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும். அந்த மாடலுக்குப் போய், தமிழ்நாட்டுச் சாலை வரி (ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம்), காப்பீடு எல்லாம் சேர்த்துக் கேட்டபோது ஏழு லட்சத்தை ஒட்டிச் சொன்னார்கள். பழையது வாங்கினால் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. புது வண்டி விலை இறங்கியதைச் சொல்லியே பழைய வண்டிக்காரர்களிடம் கொஞ்சம் இறங்கிப் பேசவும் முடிந்தது.

இங்கிலாந்தில் பழைய கார் வாங்குவது எனக்குப் பழக்கம். அங்கே மூன்று வயதான கார் ஒவ்வோர் ஆண்டும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். நம்பர் பிளேட்டை அரசாங்க இணையதளத்தில் தட்டினால் எந்த ஆண்டு எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் தோற்றது, எல்லாம் காசில்லாமல் தெரியும். ஊரில் சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) பதினைந்து ஆண்டு செல்லும். அதுவரை யாரும் வண்டியைக் கூப்பிட்டு வைத்துப் பார்ப்பதில்லை. அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்பதெல்லாம் வருகிறது, உண்மையிலேயே நல்ல வசதி. கிலோமீட்டர் மட்டும் வராது. மீட்டரைத் திருப்புகிறவர்களுக்கு அதுதான் வாசல்.

பைபாஸ் ஓரத்தில் பழைய கார் விற்கும் ஒரு பெரிய யார்டு. கண்ணாடி ஆபீஸ், ஏசி, காபி எல்லாம் உண்டு. "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர், இருபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு" என்று ஒரு 2019 வண்டியைக் காட்டினார்கள். நான் கூட்டிப் போயிருந்த மெக்கானிக் அண்ணாச்சி மீட்டர் பக்கமே போகவில்லை. குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். இந்த வண்டியின் நாலு டயரும் 2022. "இருபத்தெட்டாயிரம் ஓடுன வண்டிக்கு எதுக்குத் தம்பி அதுக்குள்ள நாலு டயரையும் மாத்துனாவ?" என்றார். பிரேக் பெடல் ரப்பரும் வழுவழு என்று இருந்தது. அங்கேயே இன்னொரு சங்கதி. விலை முழுவதற்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாக ஆகும் என்றார் விற்பனையாளர். பழைய காரில் வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின் மீதுதான் அந்த வரி, விலை முழுவதற்கும் இல்லை. சொன்னதும் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேறொரு இடத்தில் பார்த்த செலெரியோ பளபளவென்று இருந்தது, விலையும் முப்பதாயிரம் குறைச்சல். அண்ணாச்சி சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடியில் ஒரு சாண் அளவுக்கு மண்நிறக் கறை. ஸ்டெப்னியைத் தூக்கினால் குழிக்குள் துரு, ஓரத்தில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை; நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். அன்றைக்கு மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றவர்கள் உண்டு. வயரிங்குக்குள் போன தண்ணீர் உடனே வேலையைக் காட்டாது. ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு லைட் எரியும், அப்புறம் ஒவ்வொன்றாக வரும். தூத்துக்குடி, நெல்லை மட்டுமல்ல, சென்னையிலிருந்து வரும் வண்டிக்கும் இந்த பெல்ட் சோதனையைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

செங்கோட்டை வழியாக வரும் கே.எல். (கேரளப் பதிவு) வண்டிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவெல்லாம் போய்விடும். லீவில் வந்தவர்களுக்கு அது சரிப்படாது.

கிடைத்த வண்டி எந்த யார்டிலும் இல்லை. அப்பாவோடு காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் பெரிய வண்டி வாங்கிக் கொடுத்ததால் தன்னுடையதை விற்க இருந்தார். 2020 வேகன்ஆர், 1.2, ஆட்டோ கியர், டிஎன் 72 (நெல்லைப் பதிவு). அவரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். சர்வீஸ் வரலாற்றை அச்சடித்துக் கொடுத்தார்கள்: ஒவ்வொரு தேதியிலும் எத்தனை கிலோமீட்டர், என்ன மாற்றினார்கள், எல்லாம் வரிசையாக. எங்கள் ஊரில் எம்.ஓ.டி.க்கு மாற்று என்றால் இந்தக் காகிதம்தான். நாற்பத்தோராயிரம், மீட்டரோடு ஒத்துப் போனது. முன்பக்க பம்பரும் இடது பக்கக் கதவும் ஒருமுறை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதை ஆசிரியர் நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். பெரிய அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று அண்ணாச்சி கதவு ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார், ரேடியேட்டர் பக்கம் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். இல்லை.

ஆட்டோ கியரைப் பற்றி ஒரு வார்த்தை. இது கிளட்சை இயந்திரமே அழுத்திக்கொள்ளும் ஏ.எம்.டி. வகை, இந்தியாவில் 2014இல் செலெரியோவோடு வந்தது. விலை குறைவு, மைலேஜ் குறையாது, ஆனால் கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருக்கும். ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். வண்டி லேசாகப் பின்னால் போனது, அவர் உடனே பிரேக்கை மிதித்துச் சமாளித்தார். "பழகிரும்" என்றார். அவர் பழகிவிடும் என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நாலு லட்சத்து எழுபதாயிரம் கேட்டார், நாலு நாற்பதுக்கு முடிந்தது. பணம் வங்கி வழியாகவே போனது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது என்பதால் ஆசிரியரும் அதைத்தான் விரும்பினார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து. பெயர் மாற்றத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, ஆர்.சி.யில் பதிந்திருக்கும் செல் நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். ஆசிரியரிடம் அந்தப் பழைய நம்பர் உயிரோடு இருந்தது நல்ல காலம். விற்பவர் வெளியூரில் இருந்தாலோ, நம்பரைத் தொலைத்திருந்தாலோ உங்கள் விடுமுறை அதிலேயே கரைந்துவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஏஜென்ட் இல்லாமல் நாங்களே போனோம். வரிசை நீளம், ஆனால் கவுன்ட்டரில் இருந்தவர் அப்பாவின் வயதைப் பார்த்து உட்கார வைத்தே வேலையை முடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகும் இரண்டு சின்ன வேலை இருக்கிறது. பழைய ஓனர் தன் ஃபாஸ்டேகை மூடாவிட்டால் அதே வண்டி நம்பருக்குப் புது டேக் கிடைக்காது. நாங்குநேரி டோலில் போய் நின்று முழிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் வாங்கியவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதிலுள்ள நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) விற்றவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம்.

பேட்டரி, கூலன்ட், வைப்பர் மாற்றி, அண்ணாச்சிக்கு அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் ஆயிரத்தைந்நூறு கொடுத்தேன். ஆர்.சி. அட்டையை ஆபீஸில் கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் வருகிறது. நான் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தது. அப்பா படம் எடுத்து அனுப்பினார், பெரிதாக்கிப் பார்த்தேன்: இனிஷியல், முகவரி இரண்டும் சரி.