ப்ரீ-டென்டலுக்குக் கம்யூனிட்டி காலேஜ்: நான் பட்ட அனுபவம்

கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் முடித்த கையோடு, 2016 ஆகஸ்ட்டில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷப் பாடங்களை அங்கே முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறி டிகிரி வாங்கலாம். பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகத் தேவையான பாடங்களைப் படிப்பதைத்தான் ப்ரீ-டென்டல் என்கிறார்கள். இப்போது பல் மருத்துவக் கல்லூரியில் நாலாம் வருஷம். அதே வருஷம் ஊரில் பிடிஎஸ் சேர்ந்த மாமா பெண் படிப்பை முடித்து எத்தனையோ நாளாகிறது. "நீ இன்னும் படிச்சிட்டேதான் இருக்கியா?" என்று அத்தை போனில் கேட்பார். இங்கே முதலில் டிகிரி, அப்புறம்தான் பல் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

காசு விஷயத்தில் குறையே இல்லை. பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள். இந்த மாநிலத்துக்காரர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 13 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 598. பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், அதாவது யூசியில், வருஷத்துக்கு 12 ஆயிரத்துக்கு மேல் கட்டியபோதுதான் அருமை புரிந்தது. பாடம் நடத்துவதும் சோடை போகவில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் இருபத்துச் சொச்சம் பேர்தான். எந்த ரியாக்‌ஷனில் நான் அம்புக்குறியைத் தப்பாகப் போடுவேன் என்பதுவரை பேராசிரியருக்குத் தெரியும். பின்னாளில் எனக்கு உருப்படியான சிபாரிசுக் கடிதம் கொடுத்ததும் அவர்தான்.

வழிகாட்டுதல்தான் சொதப்பல். முதல் வாரமே கவுன்சிலரிடம் போய் "ப்ரீ-டென்டல்" என்றேன். அனாட்டமி, பிஸியாலஜி, மைக்ரோபயாலஜி என்று ஒரு தாளை நீட்டினார். ஒரு செமஸ்டர் போன பிறகுதான் தெரிந்தது, அது பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்புக்கான பட்டியல்! ப்ரீ-டென்டல் என்று தனி மேஜரே, அதாவது முதன்மைப் பாடமே கிடையாது. பயாலஜியோ வேறெதுவோ எடுத்துக்கொண்டு, தேவையான அறிவியல் பாடங்களை நாமே கோத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பாடம் எந்த யூசியில் செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் நானே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த அடி 2018-இல். ஆர்கானிக் இரண்டாம் பாகம் எங்கள் காலேஜில் ஸ்பிரிங் செமஸ்டரில் மட்டும்தான். ஆள் சேரவில்லை என்று அந்த வருஷம் ரத்து செய்துவிட்டார்கள். பக்கத்துக் காலேஜில் படிக்கலாமென்றால் அங்கே செமஸ்டரைவிடச் சின்னத் தவணைகளாக நடத்தும் குவார்ட்டர் முறை. நாங்கள் இரண்டாகப் படிப்பதை அவர்கள் மூன்றாகப் பிரித்திருந்தார்கள். பாதி இங்கே, பாதி அங்கே என்றால் நான் போக நினைத்த யூசியில் செல்லாது. இரண்டு வருஷத் திட்டம் மூன்றானது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில், அவர் வேலை செய்வதைக் கூடவே நின்று பார்க்கும் ஷேடோயிங் போனேன். ரூட் கெனால் பார்த்த முதல் நாள் தலைசுற்றி உட்கார்ந்தது தனிக்கதை.

மதிப்பெண் கணக்கு இன்னொரு பொறி. கால்குலஸில் டி வாங்கி, மறுபடி எடுத்து ஏ வாங்கினேன். காலேஜ் பழைய டி-யைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் ஏஏடிஎஸ்ஏஎஸ் எடுக்கவில்லை, இரண்டையும் சேர்த்தே சராசரி போட்டது. கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. பயோகெமிஸ்ட்ரி மாதிரியான மேல்நிலைப் பாடங்களை எப்படியும் யூசி போய்த்தான் படித்தேன்.

பல் மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான டாட்டுக்கு நானே தயாரானேன். காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் விரிக்கும்போது எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்பது மாதிரிப் பல ரகங்களில் 60 நிமிஷத்தில் 90 கேள்வி வரும். அதை எந்தக் காலேஜும் சொல்லித் தராது.

தம்பி வரும் ஆகஸ்ட்டில் அதே காலேஜில் சேர்கிறான். கவுன்சிலர் கொடுக்கும் தாளை என்னிடம் காட்டாமல் எதற்கும் ரெஜிஸ்டர் பண்ணக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.