இலக்கியம்பட்டி வாடகை வீடு: ஆறு வருஷமும் கடைசி ஐந்து வாரமும்

தருமபுரி இலக்கியம்பட்டியில் நாங்கள் இருக்கும் வீடு காலியாகிறது என்று தெரிந்து, "எடுக்கலாமா?" என்று தோழி கேட்டாள்.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல காற்று, கிழக்கு வாசல். ஒகேனக்கல் தண்ணீர் வாசல் குழாயிலேயே வருகிறது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்று பயந்து கிடந்த ஊரில் அது பெரிய விஷயம். மோட்டார் பழுதானால் ஓனர் அன்றைக்கே ஆள் கூட்டி வருவார். ஆறு வருஷத்தில் இரண்டு முறைதான் வாடகையை ஏற்றினார்.

ஆனால் கேட்டில் டு-லெட் போர்டு மாட்டிய மறுநாளிலிருந்து வீடு எங்களுடையதாக இல்லை. முன்கூட்டி ஒரு போன் கிடையாது. பெல் அடிக்கும், கதவைத் திறந்தால் ஓனருக்குப் பின்னால் நாலு பேர். "நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா, சும்மா பார்த்துட்டுப் போயிடுவாங்க." ஒருவர் குடிநீர் டிரம் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். மாற்றுப் புடவை கட்டில்மேல். வந்தவர்கள் அந்த அறையிலேயே நின்று கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று பேசினார்கள். எழுபது வயது மனுஷி, ஈரத்தோடு இருபது நிமிஷம் பாத்ரூமுக்குள்ளேயே நின்றார். அப்புறம் நான்கு நாள் இருமல்.

அதன்பிறகுதான் விசாரித்தேன். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், ஓனர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ரிப்பேர், வீட்டின் நிலையைப் பார்ப்பது தவிர வேறு காரணம் என்றால், அது நியாயமானதாகவும் ஒப்பந்தத்தில் எழுதியதாகவும் இருக்க வேண்டும். எங்கள் 11 மாத ஒப்பந்தத்தில் வீடு காட்டுவது பற்றி ஒரு வரி இல்லை. ஓனரிடம் சொன்னேன். "இத்தனை வருஷப் பழக்கத்துல சட்டம் பேசறீங்களே" என்று வருத்தப்பட்டார். மறு வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது மாற்றுச் சாவியால் திறந்து காட்டியிருக்கிறார். சமையலறையில் செருப்புத் தடம்.

அவர் கெட்டவர் இல்லை. அட்வான்ஸைப் பிடித்தம் இல்லாமல் தருவதாகச் சொல்லிவிட்டார், தருவார். இருந்தும் தோழியிடம் எடுக்காதே என்றுதான் சொன்னேன். எடுத்தே தீருவாய் என்றால், வீடு காட்டும் நாளும் நேரமும் உன்னிடம் முந்தின நாளே கேட்டு முடிவு செய்ய வேண்டும், மாற்றுச் சாவி உன்னிடம்தான் இருக்கும், இந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொள் என்றேன்.

அவள் சனிக்கிழமை பார்க்க வருகிறாள். எத்தனை மணிக்கு வந்தால் அத்தைக்குத் தொந்தரவு இருக்காது என்று இன்றைக்கே கேட்டுவிட்டாள்.