பெரிய மீனுக்கு ரீலா, மிதவையா?

ஹவாய்க் கடலில் மூச்சடக்கி முங்கி, ‘ஆஹி’ எனப்படும் மஞ்சள் துடுப்புச் சூரையை ஈட்டியால் பிடிக்கக் கிளம்புபவர்கள் தயங்குவது இங்கேதான். ஈட்டிக் கயிறு, ஈட்டியை எய்யும் துப்பாக்கியிலுள்ள ரீலில் (கயிறு சுற்றிய உருளையில்) முடியவேண்டுமா, மேலே மிதக்கும் மிதவையிலா?

செலவு: ரீல் ஒன்றோடு முடிந்துவிடும். மிதவைக்கு நீளக் கயிறு, ரப்பர் போல நீளும் கயிறு என்று பணம் கூடும்.

வசதி: பாறை இடுக்குகளில் ரீல்தான் சுகம். மிதவைக் கயிறு அங்கே சிக்கும்.

பாதுகாப்பு: ஈட்டி பாய்ந்ததும் சூரை செங்குத்தாகக் கீழே ஓடும். ரீல் கிறுகிறுவெனச் சுழன்று கயிறு தீர்ந்தால், துப்பாக்கியை விட்டுவிட வேண்டும். விட மனம் வராமல் பிடித்துத் தொங்குவது உயிருக்கே ஆபத்து. தளர்ந்த கயிறு துடுப்புக்காலணியில் சுற்றிக்கொள்ளவும் கூடும். மிதவையென்றால் கயிறு துப்பாக்கியிலிருந்து தானே கழன்றுவிடும்படி கட்டலாம்; நீங்கள் மேலே வந்து மூச்சு வாங்கலாம், மிதவை மீனைக் களைக்க வைக்கும்.

உறுதி: மெல்லிய காற்று மிதவையை மீன் ஆழத்துக்கு இழுத்தால், அழுத்தத்தில் நசுங்கி மிதக்கும் சக்தியை இழக்கும். கெட்டியானதை வாங்குங்கள்.

கரையோரப் பாறை மீன்களுக்கு ரீல் போதும். ஆழ்கடல் சூரைக்கு மிதவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதுவானாலும், ஒருவர் முங்கும்போது கூட்டாளி மேலேயிருந்து கவனிக்க வேண்டும்.