எல்லையில் நின்றுவிடும் தன்விலக்கு: ஐரோப்பியப் பதிவேடுகள் குறித்து ஒரு மதிப்பீடு

சூதாட்டத்தை விட்டொழிக்க நினைப்பவர் தம் பெயரைத் தாமே பதிந்து, உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் தம்மை விளையாட விடக் கூடாது என்று தடுத்துக்கொள்ள உதவுபவை தேசியத் தன்விலக்குப் பதிவேடுகள். சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையங்களின் பணிகளில் பாதிக்கப்பட்டவரை நேரடியாகச் சென்றடையும் சேவை இதுவே என்பதால், இதைக் கறாராகவே மதிப்பிட வேண்டும்.

பயன்படுத்த எளிதானது சுவீடனின் ஸ்பெல்பவ்ஸ். 2019 ஜனவரியில் புதிய சூதாட்டச் சட்டத்தோடு நடைமுறைக்கு வந்த இதில், மின்னணு அடையாளத்தைக் கொண்டு சில நிமிடங்களில் பதிந்துகொள்ளலாம். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்ற தவணைகளோடு, மறு அறிவிப்பு வரை என்ற தெரிவும் உண்டு. மனம் உறுதியாக இருக்கும் நேரம் குறுகியது என்பதை உணர்ந்து வடிவமைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஓயாசிஸ் இன்னும் கண்டிப்பானது. தாமாக விலகுபவருக்கும் பொதுவாக ஓராண்டுத் தடை, இணையத்தோடு சூதாட்டக் கூடங்களுக்கும் சேர்த்தே பொருந்தும், காலம் முடிந்தாலும் விண்ணப்பிக்காமல் நீங்காது. பிரிட்டனின் கேம்ஸ்டாப்பில் சேர்வதை 2020 மார்ச் 31 முதல் இணைய நிறுவனங்கள் அனைத்துக்கும் ஆணையம் கட்டாயமாக்கியது. ஆனால் தெருவோரப் பந்தயக் கடைகள் அதற்குள் வருவதில்லை என்பது பெருங்குறை.

இவை அனைத்துக்கும் பொதுவான குறை வேறொன்று. ஸ்டாக்ஹோமில் பதிந்த பெயர் ஆம்ஸ்டர்டாமில் செல்லாது. அங்கே குடியேறுபவர் 2021 அக்டோபரில் தொடங்கிய நெதர்லாந்தின் குரூக்ஸ் பதிவேட்டில் புதிதாகப் பதிய வேண்டும். அதுவரை அந்நாட்டின் உரிமம் பெற்ற தளங்கள் அவரைப் புதிய வாடிக்கையாளராகவே வரவேற்கும்.

ஆணையங்களுக்கு இடையே தொடர்பு இல்லாமல் இல்லை. தகவல் பரிமாற்றத்துக்கான ஒத்துழைப்பு ஏற்பாடு ஒன்றில் ஐரோப்பிய ஆணையங்கள் பல 2015 நவம்பரில் கையெழுத்திட்டன. 2017இல் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவை தத்தம் நாட்டுப் போக்கர் ஆட்டக்காரர்கள் ஒரே இணைய மேசையில் அமர்வதற்கான ஒப்பந்தத்தையும் செய்துகொண்டன. ஆடுவதற்காக அமைப்புகளை இணைக்க முடிந்தவர்கள், ஆடாமல் காப்பதற்காக இணைக்காதது எனக்கு வேதனை தருகிறது. ஒவ்வொரு நாட்டின் அடையாள எண்ணும் வேறு, தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கடுமையானது என்ற காரணங்கள் உண்மையானவையே. எனினும், பட்டியலைக் கைமாற்றாமல், இன்னார் விலக்கப்பட்டவரா என்ற வினாவுக்கு ஆம் அல்லது இல்லை என்ற விடையை மட்டும், அதுவும் உரியவரின் ஒப்புதலோடு, பகிர்ந்துகொள்ளும் முறையையாவது முயன்று பார்க்கலாம்.

எந்த நாட்டின் பதிவேட்டையும் மதிக்காத தளங்கள், "கேம்ஸ்டாப்பில் இல்லாதவை" என்பதையே விளம்பரமாக்கி, விலகியவர்களையே குறிவைக்கின்றன. அவற்றின் முன் தேசியப் பதிவேடு மட்டும் போதாது.

ஆகவே நாடு மாறுபவர்கள் சென்றவுடன் புதிய நாட்டின் பதிவேட்டிலும் சேர்ந்துவிட வேண்டும். வங்கி அட்டையில் சூதாட்டத் தடை வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். அட்டை நிறுவனங்கள் உலகெங்கும் பந்தயத்துக்குப் பயன்படுத்தும் 7995 என்ற வணிகக் குறியீட்டைப் பார்த்தே வங்கி பணத்தை நிறுத்துவதால், அந்தத் தடை எல்லை தாண்டியும் செயல்படும். குறியீட்டை மறைத்துப் பணம் பெறும் தளங்களிடம் மட்டும் அது தோற்றுப்போகும்.