கவ்விய பறவையைக் கைவரை கொண்டுவரச் செய்தல்: மூன்று பயிற்சி முறைகள்

சுடப்பட்ட பறவையை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதோடு வேட்டை நாயின் வேலை முடிவதில்லை. அதைக் கவ்வி, நசுக்காமலும் வழியில் போட்டுவிடாமலும் சுமந்து வந்து கையில் ஒப்படைக்கவும் வேண்டும். நீரிலிருந்து கரையேறும் நாய், உடம்பை உதறிக்கொள்வதற்காகக் காயம்பட்ட வாத்தை ஒரு நொடி கீழே வைத்தாலும் போதும். அது நாணலுக்குள் நழுவிப்போய்த் துன்பப்பட்டுச் சாகும். இந்த ஒரு நொடியில் நாய் என்ன செய்கிறது என்பதை வைத்தே பயிற்சி முறைகளை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதல் முறை, பிறவி ஆர்வத்தை நம்பி அதை விளையாட்டாக வளர்ப்பது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்கள் பல தலைமுறைகளாக இந்த ஆர்வத்துக்காகவும் மென்மையான வாய்க்காகவும் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. பிரிட்டனின் பயிற்சி மரபு பெரிதும் இதையே சார்ந்திருக்கிறது. நல்ல வம்சத்துக் குட்டிக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால் விளையாட்டாகக் கற்றதை, விளையாடும் மனநிலை இல்லாதபோது நாய் செய்யாமல் விடலாம். குளிரிலும் களைப்பிலும், உதிரும் சிறகுகள் நாக்கில் ஒட்டும்போதும், இந்த முறையின் பலவீனம் வெளிப்படுகிறது.

இரண்டாவது, வட அமெரிக்காவில் வேரூன்றிய 'ஃபோர்ஸ் ஃபெட்ச்' எனப்படும் கட்டாயப் பயிற்சி. பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்த பிறகு, அதாவது ஏறத்தாழ 6 அல்லது 7 மாத வயதுக்குப் பிறகு, இதைத் தொடங்குவார்கள். முதலில் வாயில் வைத்த மரக்கட்டையை அமைதியாகப் பிடித்திருக்கக் கற்பிப்பார்கள். பின்னர் காது மடலைக் கிள்ளியோ, முன்னங்கால் விரல்களில் சுற்றிய கயிற்றை இழுத்தோ வலி தருவார்கள். நாய் கட்டையைக் கவ்விய கணமே வலி நின்றுவிடும். வலியை நிறுத்தும் வழி தன் வாயில்தான் இருக்கிறது என்று நாய் கற்றுக்கொள்கிறது. அடுத்தடுத்த கட்டங்களில் கட்டையைத் தரையிலிருந்தும், பிறகு தொலைவிலிருந்தும் எடுக்க வைப்பார்கள். சிலர் இதே அழுத்தத்தை, மின்னதிர்ச்சி தரும் மின்கழுத்துப் பட்டைக்கு மாற்றுவார்கள்.

இம்முறையை ஆதரிப்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது: விருப்பம் இல்லாத நேரத்திலும் கடமை என்று ஒன்று உண்டு என்பதை நாய் உணர்கிறது என்கிறார்கள். தேர்ந்த கையில் அப்படி நடப்பதும் உண்மை. ஆனால் எல்லாமே அழுத்தத்தை விடும் நேரத்தைப் பொறுத்தது. கவ்விய பிறகும் வலி தொடர்ந்தால், கவ்வியதற்கே தண்டனை என்று நாய் புரிந்துகொள்ளும். சில நாய்கள் முடங்கிப்போகும்; சில பறவையையே வெறுக்கும்; சில பதற்றத்தில் தாடையை இறுக்கும். எதைத் தவிர்க்கப் பயிற்சி தொடங்கியதோ, அந்த நசுக்கும் பழக்கத்தைப் பயிற்சியே உண்டாக்கிவிடலாம். மின்கழுத்துப் பட்டைக்குச் சட்டத் தடையும் உண்டு: வேல்ஸ் 2010 முதல் அதைத் தடைசெய்துள்ளது, ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006-இல் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலித்து, சரியாகச் செய்ததற்குத் தீனி வருகிறது என்று நாய்க்கு உணர்த்தும் சிறு கருவி) ஒலியும் தீனியும் கொண்டு படிப்படியாகக் கட்டும் வெகுமதி முறை. இது மென்மையானது என்பதால் எளிதானது என்று எண்ணிவிடக் கூடாது. கிளிக்கர் ஒலித்ததும் நாய் கட்டையைத் துப்பிவிட்டுத் தீனிக்குத் திரும்புவது இயல்பு. ஆகவே கவ்வியதற்கு அல்ல, அசையாமல் மெல்லாமல் பிடித்திருந்த நேரத்துக்கே ஒலி தர வேண்டும். அந்த நேரத்தை அரை நொடி, ஒரு நொடி என்று நீட்ட வேண்டும். கை அருகே வந்தவுடன் வாயைத் திறந்துவிடுவது மற்றொரு பொறி. கை கட்டையைத் தொட்ட பிறகும், விடு என்ற சொல் வரும்வரை பிடித்திருப்பதைத் தனிப் பாடமாகவே கற்பிக்க வேண்டியிருக்கிறது. பலர் இந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டு, முறையின் மீது பழி போடுகிறார்கள்.

களத்தில் பறவைக்கு முன்னால் தீனிக்கு மதிப்பில்லை என்ற குறை நியாயமானது. அங்கே வெகுமதியைத்தான் மாற்ற வேண்டும்: ஒழுங்காக ஒப்படைத்த நாய்க்கு, மறுபடி ஓடிப்போய் எடுத்துவரும் வாய்ப்பே பரிசாக அமையும். காலம் கூடுதலாகப் பிடிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே பிழை நேர்ந்தால் இழப்பு சில நாள் தாமதம் மட்டுமே. கட்டாயப் பயிற்சியில் நேரும் பிழையோ நாயின் மனத்தில் தங்கிவிடும். முதன்முறையாக நாயைப் பழக்குபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். பறவையைத் தொடவே மறுக்கும் வளர்ந்த நாயாக இருந்தால், அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் காட்டாமல் காதைக் கிள்ளத் துணிய வேண்டாம்.

எந்த வழியில் சென்றாலும், மரக்கட்டையிலிருந்து நேராக உயிருள்ள பறவைக்குத் தாவக் கூடாது. துணி டம்மி (பறவைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பயிற்சிப் பொருள்), சிறகு கட்டிய டம்மி, உறைய வைத்த பறவை, உறைவு நீங்கிய பறவை, புதிதாகச் சுட்ட பறவை என்ற வரிசை உதவும். உறைந்த பறவையின் கடினம் மெல்லும் ஆசையைக் குறைக்கிறது. நாய் கொண்டுவந்த பறவையின் விலா எலும்புகளை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். இருபுறமும் நொறுங்கியிருப்பது ஒருமுறை என்றால், குண்டு பட்டதாலோ விழுந்த அடியாலோ இருக்கலாம். தொடர்ந்து அப்படியே வந்தால், வரிசையில் இரண்டு படி பின்வாங்கி, டம்மியோடு மீண்டும் தொடங்க வேண்டும்.